சுவாசப்பை நாடியில் அடைத்த குருதி: ஒரு சத்திர சிகிச்சையின் வரலாறு

மூச்சு நின்றது என்றால் உயிர் நின்றது என்பதே தமிழ் வழக்கு. ஆயினும் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுவதோடு மூச்சின் தொழில் முடிந்துவிடுவதில்லை. உள்ளே வந்த காற்றிலுள்ள ஒட்சிசனைக் குருதி ஏற்றுக்கொண்டாலன்றி, எத்துணைக் காற்றை இழுத்தும் பயனில்லை. காற்று வரும் வழி திறந்திருக்க, குருதி வரும் வழி அடைபட்டுப்போன ஒருவன், காற்றின் நடுவே நின்றுகொண்டே மூச்சுத் திணறுகின்றான். இத்தகைய நோயாளர் பலர் நெடுங்காலம் தம் நோயின் பெயரைத்தானும் அறியாது மாண்டனர். அவர்களுக்கு வழி கண்ட வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. தோல்விகள் பல நிறைந்த அவ்வரலாறு கேட்கத்தக்கது.

இருதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லுங் குழாயை நாடி என்றும், இருதயத்துக்கு அதனை மீட்டுவருங் குழாயை நாளம் என்றும் உடலியலார் வழங்குவர். உடலெங்கும் சுற்றி ஒட்சிசனை இழந்த கருங்குருதி நாளங்களின் வழியே இருதயத்தின் வலப்பக்கத்தை அடைகின்றது. வல இருதயம் அதனைச் சுவாசப்பை நாடியினூடாகச் சுவாசப்பைகளுக்குத் தள்ளுகின்றது. அந்நாடி இரண்டாய்ப் பிரிந்து, பின் மரத்தின் கிளைகள் போலப் பலவாய்ப் பிரிந்து செல்கின்றது. இவ்வழியில் அமுக்கம் மிகக் குறைவு. சுகதேகியிடத்து அது சராசரி இரசத்தின் 14 மில்லிமீற்றர் அளவினதே. ஆதலின் வல இருதயத்தின் சுவரும் மெல்லியது. பெருஞ்சுமையைத் தள்ளும் ஆற்றல் அதற்கு இயற்கையில் அமைந்ததன்று.

இந்த நாடியில் உறைந்த குருதிக் கட்டிகள் காணப்படுதலைப் பிரேத பரிசோதனை செய்த பழைய வைத்தியர் அறிந்திருந்தனர். அவை அங்கேயே தோன்றியவை என்பதே அவர்தம் எண்ணம். 1846ஆம் ஆண்டிலே பெர்லின் நகரின் சாறிற்றே வைத்தியசாலையில் தொழில்புரிந்த றூடொல்ப் வீர்க்கோ என்னும் இளைஞர் இவ்வெண்ணத்தை மறுத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்தையும் எட்டவில்லை. கால்களின் நாளங்களில் உறைந்த குருதியே, துண்டாகி, குருதியோட்டத்தோடு மிதந்து சென்று, இருதயத்தைக் கடந்து, சுவாசப்பை நாடியிற் சிக்குகின்றது என்று அவர் காட்டினார். நாய்களின் கழுத்து நாளத்திலே இறப்பர்த் துண்டு முதலியவற்றைப் புகுத்தி, அவை சுவாசப்பையிற் சென்று தங்குதலையும் கண்டார். நோயின் பிறப்பிடம் ஓரிடம், அது கொல்லுமிடம் வேறோரிடம் என்பது அன்று தெளிவாயிற்று.

நோயை அறிந்தபின் அதனை நீக்குவது எங்ஙனம் என்ற வினா எழுந்தது. சத்திர சிகிச்சை வளர்ந்த அக்காலத்தில் அவ்வினா நாளுக்கு நாள் கூர்மையுற்றது. ஒரு நோயாளிக்கு வயிற்றிலே செய்த சிகிச்சை நன்றாய் முடிந்திருக்கும், புண்ணும் ஆறியிருக்கும், வீடு திரும்பும் நாளில் அவர் கட்டிலை விட்டு எழுந்து நிற்பார், அக்கணமே முகம் நீலம் பாய்ந்து சரிந்து விழுவார். பல நாள் அசையாது படுத்திருந்த காலில் உறைந்திருந்த குருதி புறப்பட்டுவிட்டது என்பது பிரேதத்தை அறுத்த பின்னரே தெரியவரும்.

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பேராசிரியராயிருந்த பிறீட்றிக் ட்ரெண்டலன்பேர்க் இத்தகைய மரணங்களைக் கூர்ந்து கவனித்தார். எல்லாரும் அக்கணமே இறப்பதில்லை, பலர் பத்து நிமிடமோ அரைமணி நேரமோ உயிரோடு போராடுகின்றனர் என்பதை அவர் கண்டார். அந்தச் சிறு பொழுதிலே மார்பைத் திறந்து, நாடியைக் கீறி, கட்டியை வெளியே எடுத்துவிட்டால் என்ன என்று துணிந்தார். முதலிற் கன்றுகளிற் சோதித்து, பின் மனிதரிடத்து முயன்று, 1908ஆம் ஆண்டிலே தமது முறையை வெளியிட்டார். இருதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்களைச் சுற்றி ஒரு இறப்பர்க் குழாயை இட்டு இறுக்கிக் குருதியோட்டத்தை நிறுத்த வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைந்த பொழுதில் நாடியைக் கீறி, குறட்டினாற் கட்டியைப் பற்றி இழுத்து, வாயை மூடிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் மூளை அழிந்துவிடும்.

ட்ரெண்டலன்பேர்க்கின் கையில் ஒரு நோயாளியும் பிழைக்கவில்லை. நீண்ட நேரம் வாழ்ந்தவரும் இரண்டு நாளைக் கடக்கவில்லை. ஆயினும் அவர் தம் தோல்விகளை மறைத்தாரல்லர். செய்தது இன்னது, நோயாளி இறந்தது இன்ன காரணத்தால் என்று எழுதி வைத்தார். அவ்வெழுத்தைக் கற்று மற்றையோர் முயன்றனர். பதினாறு ஆண்டுகள் சென்றபின், 1924ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆந் திகதி, இன்று கலினின்கிராட் எனப் பெயர் வழங்கும் கோணிக்ஸ்பேர்க் நகரிலே, மார்ட்டின் கிர்ஷ்னர் என்பார் இதே முறையில் ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அவ்வாண்டின் டிசம்பர் மாதத்திலே தமது எண்பதாவது வயதில் ட்ரெண்டலன்பேர்க் காலமானார். தாம் தொடங்கிய வேலை ஓருயிரையேனும் மீட்டதென்ற செய்தி அவருக்குக் கிட்டியிருந்தது.

சுவீடனில் கிளாறன்ஸ் கிறாபோர்ட் முதலிய சிலர் மேலும் சில வெற்றிகளைக் கண்டனர். எனினும் வெற்றி மிக அரிதாகவே இருந்தது. சிகிச்சையே கொல்லக்கூடியதாதலால், நோயாளி சாவது உறுதி என்று தெரிந்த பின்னரே கத்தியை எடுக்கலாம் என்ற கொடிய நியதி ஏற்பட்டது. நோயாளியின் பக்கத்திலே கருவிகளை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, அவர் இறக்குந் தறுவாயை எதிர்நோக்கி வைத்தியர் விழித்திருப்பர்.

அத்தகைய ஓர் இரவு 1930ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே, மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் வந்தது. பித்தப்பைச் சிகிச்சை பெற்றுத் தேறிவந்த ஒரு பெண்ணின் சுவாசப்பை நாடியைக் குருதிக் கட்டி அடைத்தது. பேராசிரியர் எட்வேட் சேர்ச்சில் என்பாரின் கீழ்ப் பயின்ற ஜோன் கிபன் என்னும் இளம் வைத்தியர், அவள் பக்கத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்கொரு முறை நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் அளந்து குறிக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். பதினேழு மணி நேரம் அவர் அங்கிருந்தார். அவள் மேனி கறுத்தது, நாளங்கள் புடைத்தன. விடிந்தபின் நிலைமை கைமீறியது. சேர்ச்சில் ஏழு நிமிடத்துக்குள் கட்டிகளை எடுத்து நாடியை மூடினார். அப்பெண் பிழைக்கவில்லை.

அவ்விரவின் எண்ணம் ஒன்று கிபனை விட்டு நீங்கவேயில்லை. அடைபட்ட வழிக்கு இப்புறத்திலே தேங்கி நிற்குங் கருங்குருதியை வெளியே எடுத்து, ஒரு கருவியினுள்ளே ஒட்சிசனைச் சேர்த்து, அப்புறத்திலுள்ள நாடியிற் செலுத்திவிட்டால், இருதயமும் சுவாசப்பையும் செய்யும் வேலையைச் சில மணி நேரம் கருவியே செய்யுமன்றோ? அவ்வாறாயின் ஒரு நிமிடத்திற்குள் முடிக்கவேண்டுமென்ற அவதி சத்திர வைத்தியருக்கு இராது. மூத்தோர் பலர் இவ்வெண்ணத்தை ஊக்கவில்லை. கிபனும், அவரோடு ஆய்வுகூடத்திற் பணிசெய்த மனைவி மேரியும் மாத்திரம் அதைக் கைவிடாது பற்றிக்கொண்டனர். சோதனைக்கு வேண்டிய பூனைகளைக் கிபன் இரவில் பொஸ்டன் தெருக்களில் மீன் காட்டிப் பிடித்துவந்தாராம். 1935ஆம் ஆண்டிலே, சுவாசப்பை நாடியை முற்றாக அடைத்த ஒரு பூனையின் உயிரைக் கருவியினாலே காத்து, பின் அதன் இருதயம் தன் வேலையைத் தானே மீண்டும் ஏற்கக் கண்டனர்.

இதற்கு உறுதுணையாயிருந்தது ஹெபரின் என்னும் மருந்து. உடலைவிட்டு வெளியேறிய குருதி உறைவது இயற்கை. உறையுமானால் கருவி அடைத்துவிடும். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்னும் மாணவர் குருதியை உறையவிடாத ஒரு பொருளை ஈரலிற் கண்டார். அவருடைய ஆசிரியர் ஹொவெல் அதனை மேலும் ஆராய்ந்து பெயரிட்டார். ரொறன்ரோ நகர ஆராய்ச்சியாளர் 1930களில் அப்பொருளைத் தூய்மைப்படுத்தி மனிதருக்கு ஏற்றதாக்கினர். இம்மருந்தின்றி இருதய இயந்திரம் என்பது வெறுங் கனவாகவே நின்றிருக்கும்.

இரண்டாம் உலகப் போரினால் இடையில் நின்ற முயற்சி, பிலதெல்பியா நகரின் ஜெபர்சன் வைத்தியக் கல்லூரியில் மீண்டும் தொடங்கியது. ஐ. பி. எம். நிறுவனத்தின் பொறியியலாளர் துணைபுரிந்தனர். 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் இருதயத்திலிருந்த துவாரத்தைக் கிபன் தைத்து மூடினார். அப்பொழுது இருபத்தாறு நிமிடம் அவள் உயிர் முற்றிலும் இயந்திரத்தையே சார்ந்திருந்தது. அவள் சுகமடைந்தாள். அடுத்து வந்த நோயாளர் இறக்கவே, கிபன் மனமுடைந்து, ஓராண்டுக்கு அதனைப் பயன்படுத்துவதில்லையென நிறுத்தினார். 1955ஆம் ஆண்டுமுதல் மேயோ வைத்தியசாலையில் ஜோன் கேர்க்லின் அவ்வியந்திரத்தைத் திருத்தி வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1960களின் தொடக்கத்திலே, கிபன் முதன்முதலில் எண்ணிய காரியமாகிய சுவாசப்பைக் கட்டியை அகற்றுதலும் இயந்திரத்தின் துணையோடு நிறைவேறலாயிற்று.

இங்கே வரலாறு மற்றொரு திசையில் திரும்புகின்றது. இதுவரை கூறியது திடீரென வந்து கொல்லுங் கட்டியைப் பற்றியது. வந்து, கொல்லாது, போகாதும் தங்கிவிடுங் கட்டியும் உண்டு. சுவாசப்பையிற் சிக்கிய கட்டியைக் கரைக்கும் ஆற்றல் உடலுக்கு இயல்பாகவே உள்ளது. தப்பிப் பிழைத்தோரிற் பெரும்பாலாருக்குச் சில கிழமைகளிலோ மாதங்களிலோ அது கரைந்துவிடும். நூற்றுக்கு ஏறக்குறைய மூவருக்கு மட்டும் கரையாது நின்று, நாளடைவில் நாரிழையமாக இறுகி, நாடியின் உட்சுவரோடு ஒன்றிப்போகின்றது. திறந்திருக்குஞ் சில கிளைகளினூடாகவே முழுக் குருதியும் செல்லவேண்டுமாதலால், அமுக்கம் மூன்று மடங்கு, நான்கு மடங்காக உயர்கின்றது. மெல்லிய சுவருடைய வல இருதயம் முதலிலே தடிக்கின்றது, பின் வீங்குகின்றது, இறுதியிற் சோர்ந்துவிடுகின்றது.

நோயாளியின் நிலை இரங்கத்தக்கது. முதலாண்டிற் படியேறும்போது மூச்சு வாங்கும். அடுத்த ஆண்டில் சமநிலத்தில் நடக்கும்போதே நின்று நின்று செல்லவேண்டும். பின் உடை மாற்றவும் இயலாது. கால்கள் வீங்கும், சிலர் மயங்கி விழுவர். தொய்வு என்றும், இருதய பலவீனம் என்றும், மனப்பிரமை என்றுங்கூடச் சொல்லப்பட்டு அலைந்தோர் பலர். காலில் கட்டி வந்ததை அறியாதோரும் இவர்களுள் உளர். 1963ஆம் ஆண்டிலே வேர்ணன் ஹூக் என்பாரும் அவர்தம் துணைவரும் வைத்திய நூல்களிலே பதிவான 240 நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அவர்களுள் உயிரோடிருக்கும்போதே நோய் சரியாக அறியப்பட்டவர் ஆறே பேர். ஏனைய 234 பேருக்கும் உண்மை புலப்பட்டது இறந்த பின்னரே.

இந்நோயைக் கத்தியால் நீக்க முதலில் முயன்றோருள் ஒருவர் எலியட் ஹேர்விற் என்னும் அமெரிக்கர். 1958ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நோயாளி பிழைக்கவில்லை. இத்தகைய முயற்சிகள் ஒரு முக்கியமான உண்மையைக் கற்பித்தன. புதிய கட்டி நாடியினுள்ளே தளர்ந்து கிடப்பது. குறட்டினாற் பற்றி இழுத்தால் வந்துவிடும். பழைய கட்டியோ கட்டியே அன்று. அது நாடிச் சுவரின் ஒரு பகுதியாகிவிட்ட தழும்பு. அதனைப் பற்றி இழுப்பவர் ஒன்றையும் பெறார். வெட்ட முயல்பவர் நாடியையே கிழித்துவிடுவார். செய்யத்தக்கது ஒன்றே: சுவரின் உட்படையைத் தழும்போடு சேர்த்து, தோடம்பழத்தின் தோலை உரிப்பதுபோல உரித்தெடுத்தல். மிக ஆழமாய்ச் சென்றால் சுவர் துளைபட்டு நோயாளி இறப்பார். மேலோட்டமாய்ச் சென்றால் அடைப்பு நீங்காது. சரியான படையைக் கண்டுபிடிப்பதே இக்கலையின் உயிர்நாடி.

ஹூக்கின் குழுவிலிருந்த கெனெத் மோசர் என்னும் வைத்தியர் இந்நோயாளரைத் தம் வாழ்நாட் பொறுப்பாக ஏற்றார். அவர் கத்தி பிடிப்பவரல்லர், சுவாசப்பை வைத்தியர். யாருக்கு நோய் உள்ளது, அடைப்பு எங்குள்ளது, கத்தி எட்டுமிடத்தில் உள்ளதா என்று முன்கூட்டியே அறிவதே அவர் பணி. இருதயத்துள் மெல்லிய குழாயைச் செலுத்தி அமுக்கத்தை அளக்கும் முறை அதற்குள் வழக்கிலிருந்தது. 1964ஆம் ஆண்டில் ஹென்றி வாக்னர் முதலியோர் கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளைக் குருதியிற் கலந்து, சுவாசப்பையில் குருதி பாயும் பகுதியையும் பாயாத பகுதியையும் படத்திற் காணும் வழியைக் காட்டினர். பிரேத அறையில் அறியப்பட்ட நோய் வைத்தியரின் மேசையில் அறியப்படும் நோயாயிற்று.

மோசர் 1960களின் இறுதியிற் கலிபோர்ணியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே 1970ஆம் ஆண்டிலே முதலாவது உரிப்புச் சிகிச்சையைச் செய்தவர் நீனா பிறவுன்வால்ட் என்னும் பெண்மணி. பெண்கள் இருதய சத்திர சிகிச்சையில் நுழைவதே அரிதாயிருந்த காலத்தில், 1960ஆம் ஆண்டிலே தாமே அமைத்த செயற்கை வால்வை ஒரு நோயாளியின் இருதயத்திற் பொருத்தியவர் அவர். அவருக்குப்பின் ஜோ அட்லி, பற் டெய்லி, வோல்ற்றர் டெம்பிற்ஸ்கி, ஸ்ருவேட் ஜேமிசன் என்போர் ஒருவர்பின் ஒருவராய் அப்பணியைத் தொடர்ந்தனர்.

தொடக்கத்திற் பல நோயாளர் மடிந்தனர். 1984ஆம் ஆண்டுவரை உலகெங்கணும் இச்சிகிச்சை பெற்றோராகப் பதிவானவர் 85 பேரே. அவர்களுள் நூற்றுக்கு 22 பேர் மாண்டனர். இயந்திரம் இருந்தும் ஏன் இவ்விழப்பு? ஒரு காரணம் குருதியின் பிடிவாதம். சுவாசப்பை நாடி பன்னாள் அடைபட்டிருந்தால், உடல் வேறு சிறு நாடிகளை வளர்த்துச் சுவாசப்பையை ஊட்டுகின்றது. பெருநாடியை இயந்திரத்தோடு இணைத்த பின்னரும் அச்சிறு வழிகளாற் குருதி சுரந்து, சத்திர வைத்தியரின் கண்ணை மறைத்துவிடும். கண்ணுக்குப் புலனாகாத படையை எங்ஙனம் உரிப்பது?

இதற்குக் கண்ட உபாயம் துணிவு மிக்கது. மார்பெலும்பை நடுவே பிளந்து இருபுறத்தையும் ஒருங்கே அணுகவேண்டும். இயந்திரத்தினாற் குருதியைக் குளிரச்செய்து, உடலின் வெப்பநிலையை 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரை தாழ்த்தவேண்டும். தலையைச் சுற்றிப் பனிக்கட்டி வைக்கவேண்டும். பின் இயந்திரத்தையே நிறுத்திவிடவேண்டும். அப்பொழுது இருதயம் இயங்காது, குருதி ஓடாது, மூளையின் அலைகளும் அடங்கியிருக்கும். அந்நிலையில் ஏறக்குறைய இருபது நிமிடம் மூளை கேடின்றித் தாங்கும். குளிர்ச்சியில் உடலின் தேவை குறையும் என்பதை ரொறன்ரோவில் வில்பிறட் பிகெலோ 1950ஆம் ஆண்டளவிற் காட்டியிருந்தார். சான் டியேகோவிலே 1980ஐ அடுத்து டெய்லி முதலியோர் அவ்வறிவைப் பயன்படுத்தி இச்சிகிச்சைக்கு ஒரு நிலையான முறையை வகுத்தனர். குருதியற்ற நாடியினுள்ளே, நுனி மழுங்கிய கருவியினாற் படையைப் பிரித்து, கிளைக்குக் கிளை தொடர்ந்து செல்லவேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் இயந்திரத்தை மீண்டும் ஓட்டி உடலுக்குக் குருதி கொடுத்து, அதன்பின் மறுபக்கத்தைத் தொடவேண்டும். வெளிவந்த தழும்பை மேசையில் விரித்தால், அது இலையுதிர்ந்த சிறு மரம் போலக் கிளைத்துக் கிடக்கும்.

ட்ரெண்டலன்பேர்க்கிற்கு ஒரு நிமிடமும் கிட்டவில்லை. அவர் குருதியை நிறுத்தியபோது மூளை வெப்பத்தோடிருந்தது. இவர்களும் குருதியை நிறுத்தினர். ஆயின் இயந்திரமும் குளிரும் சேர்ந்து இருபது நிமிடத்தைக் கொடுத்தன. அந்தப் பத்தொன்பது நிமிடத்தைச் சம்பாதிக்க மனிதருக்கு எழுபது ஆண்டுகள் சென்றன.

1989ஆம் ஆண்டு சான் டியேகோவுக்கு வந்த ஜேமிசன் அம்முறையை மேலுஞ் செம்மைப்படுத்தினார். 2003ஆம் ஆண்டில் அவர் குழுவினர் 1,500 நோயாளரின் கணக்கை வெளியிட்டபோது, கடைசி 500 பேருள் இறந்தோர் நூற்றுக்கு 4.4 ஆகக் குறைந்திருந்தனர். 2012ஆம் ஆண்டில் அங்கு சிகிச்சை பெற்றோர் தொகை 2,700ஐத் தாண்டியிருந்தது. கடைசி 500 பேருக்குரிய இழப்பு நூற்றுக்கு 2.2. இங்கிலாந்தின் பாப்வேர்த் வைத்தியசாலையில் 1997ஆம் ஆண்டிலும், பிரான்சு, ஜேர்மனி, யப்பான் முதலிய நாடுகளிலும் இப்பணி வேரூன்றியது. கத்தி எட்டாத சிறு கிளைகளில் அடைப்புள்ளோருக்குச் சிறு பலூனைச் செலுத்தி விரிக்கும் முறை யப்பானியரால் வளம் பெற்றது. 2013ஆம் ஆண்டுமுதல் அமுக்கத்தைக் குறைக்கும் மருந்தும் கிடைக்கின்றது. எனினும் கத்தி எட்டுமிடத்து உரிப்புச் சிகிச்சையே முதலிடம் பெறுகின்றது. ஏனையவை நோயைத் தணிப்பன. இதுவொன்றே பலருக்கு நோயின் காரணத்தை நீக்க வல்லது.

இடர் முற்றாக நீங்கியதென்று எண்ணலாகாது. நெடுங்காலம் வறண்டிருந்த பகுதியிற் குருதி திடீரெனப் பாயும்போது சுவாசப்பை நீர் கோத்து வீங்குவதுண்டு. சிறு கிளைகளிலும் நோய் பரவியிருப்பின் அமுக்கம் தணியாது நிற்பதுண்டு. அனுபவம் மிக்க சில நிலையங்களிலே மாத்திரம் இச்சிகிச்சை நன்கு நடைபெறுகின்றது. ஆதலின் இன்றும் பலருக்கு முதலாவது தடை நோய் அன்று, நோயை அறியாமையே. சுவாசப்பையிற் கட்டி வந்து தேறிய ஒருவருக்கு மூன்று மாதம் மருந்துண்ட பின்னும் மூச்சுத் திணறல் நீடிக்குமாயின், அதனை வயதின் மேலும் மனத்தின் மேலும் போட்டுவிடாது ஆராய்தல் வைத்தியரின் கடமையாகும்.

லைப்சிக்கில் இறந்த நோயாளர் பெயர்களை உலகம் நினைப்பதில்லை. பொஸ்டனில் ஓரிரவு முழுதும் மூச்சுக்குப் போராடிய பெண்ணும் தன் சாவினால் என்ன விளையுமென அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அவளருகே விழித்திருந்து துடிப்பை எண்ணிய இளைஞரின் எண்ணத்திலிருந்து ஓர் இயந்திரம் பிறந்தது. அவ்வியந்திரத்தின் துணையினால், ஆண்டுக்கணக்காகப் படியேற இயலாதிருந்தோர் இன்று வைத்தியசாலையை விட்டுத் தம் காலால் நடந்து வெளியேறுகின்றனர்.